ஃப்ளட்லைட்டுக்குக் கீழே எந்த செகண்ட் ஹேண்ட் பாடி?

விளையாட்டுப் படம் எடுக்கப் பழைய ப்ரோ கேமரா பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம்? ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, அதாவது இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது? கடைசி விலை என்ன? மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. நீங்கள் நின்று எடுக்கப்போகும் இடத்தில் என்ன விளக்கு எரிகிறது? பெங்களூரில் ஆபீஸ் முடிந்து வந்து கேமராவைத் தூக்குகிறவருக்குக் கிடைப்பது சாயங்காலமும் ராத்திரியும்தான். பகல் வெயிலில் எந்த பாடியும் நன்றாகத்தான் எடுக்கும். விளக்கு போட்ட பிறகுதான் ஒவ்வொன்றின் சாயமும் வெளுக்கும்.

என்னிடம் கேட்பவர்கள் மூன்று வகை. அல்சூர் பக்கம் கௌதமபுரம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. பெலேவுக்குச் சிலை வைத்த இடம், 'மினி பிரேசில்' என்றே பெயர். அங்கே தமிழ் பேசும் பையன்கள் சந்துக்குள் பந்தை உதைத்து வளர்ந்து, அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம் வரைக்கும் போய் ஆடுகிறார்கள். அவர்களைப் படம் எடுக்க ஆசைப்படும் தம்பிகள் முதல் வகை. பிள்ளையை பேட்மின்டன் கோச்சிங்கில் சேர்த்துவிட்டு, டோர்னமென்டுக்கு டோர்னமென்ட் கூடவே அலையும் அப்பா அம்மா இரண்டாவது. பிரகாஷ் படுகோன் பிறந்த ஊர், கேட்கவா வேண்டும், ஏரியாவுக்கு ஏரியா கோர்ட்தான். மூன்றாவது, முகூர்த்த நாளில் கல்யாணம் எடுத்துச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிற நம்ம தொழில்காரர்கள். இந்த மூன்று பேருக்கும் ஒரே பாடியைக் கைகாட்ட முடியாது.

பேச எடுத்துக்கொள்வது இவற்றை: கேனன் 7டி மார்க் 2 (2014), நிகான் டி500 (2016), கேனன் 1டி எக்ஸ் (2012) மற்றும் அதன் மார்க் 2 (2016), நிகான் டி5 (2016), சோனி ஏ9 (2017). கூடவே ப்ரோ பாடி என்று யாரும் சொல்லாத ஒன்று, கேனன் ஆர்6 (2020). 1டி எக்ஸ் மார்க் 3, டி6, இசட்9 எல்லாம் செகண்ட் ஹேண்டிலும் பர்ஸைக் காலி பண்ணும் சரக்கு. அதை வாங்கக் காசு இருப்பவருக்கு என் யோசனை தேவைப்படாது. ரூபாய்க் கணக்கு போடப்போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் மாறிவிடும். பொதுவாக 7டி மார்க் 2 அடிமட்டத்திலும், 1டி எக்ஸ் மார்க் 2-வும் டி5-வும் மேலேயும், மற்றவை நடுவிலுமாக நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு செய்யும் சேட்டை

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மெட்டல் ஹாலைடு விளக்கும் பழைய டியூப்லைட்டும் அந்தக் கணக்குப்படி வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண் அதைக் கண்டுகொள்ளாது. 1/1000 வினாடியில் எடுக்கிற கேமரா கண்டுகொள்ளும். ஒரு துடிப்புக்கு 10 மில்லி வினாடி. ஷட்டர் அதில் 1 மில்லி வினாடியை மட்டும் எடுக்கிறது. அந்த நேரத்தில் விளக்கு உச்சத்தில் இருந்தால் படம் வெளிச்சம், பள்ளத்தில் இருந்தால் இருட்டு. பத்து ஃப்ரேம் தட்டினால் மூன்று நன்றாகவும், நான்கு மங்கலாகவும், மீதி மஞ்சளோ பச்சையோ பூசியது போலவும் வரும். மெட்டல் ஹாலைடில் வெளிச்சத்தோடு நிறமும் சேர்ந்து ஆடும். ராத்திரி மேட்ச் முடித்து வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஃப்ரேமாக ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) திருத்தியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இதற்கு மருந்து ஆன்டி-ஃப்ளிக்கர். விளக்கின் துடிப்பை கேமரா அளந்து, அது உச்சத்துக்கு வரும் கணத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும். அதற்காக வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. கேனனில் இதை முதலில் கொண்டுவந்தது 7டி மார்க் 2. அதன் பிறகு வந்த 1டி எக்ஸ் மார்க் 2, ஆர்6 ஆகியவற்றிலும், நிகானில் டி5, டி500 இரண்டிலும் இது உண்டு. 2012-ல் வந்த முதல் 1டி எக்ஸில் இல்லை. நிகான் டி4-லும் டி4எஸ்-லும் இல்லை. சோனி ஏ9-லும் இல்லை. ஏ9 மார்க் 2 வந்தபோதுதான் சேர்த்தார்கள், அதுவும் மெக்கானிக்கல் (திரை அசைந்து திறக்கும்) ஷட்டரில் மட்டும்.

இந்த ஒரு வரியிலேயே பட்டியல் தலைகீழாகிவிடுகிறது பாருங்கள். கடையில் முதல் 1டி எக்ஸும் 7டி மார்க் 2-வும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் கை 1டி எக்ஸ் மேல்தான் போகும். ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சார், வினாடிக்கு 12 ஃப்ரேம் வேகம், 4 லட்சம் தடவை தாங்கும் ஷட்டர், கையில் பிடித்தால் வரும் அந்த கனம். அறிமுகமானபோது 6,800 டாலர் விலை வைத்த பாடி. 7டி மார்க் 2-வின் அறிமுக விலை 1,799 டாலர். ஆனால் துடிக்கிற விளக்குக்குக் கீழே, ஒரே வரிசையில் எடுத்த பத்து படமும் ஒரே வெளிச்சத்தில் வேண்டுமென்றால் அந்தச் சின்ன பாடிதான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு வேறு குறை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

உங்கள் மைதானத்து விளக்கு துடிக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கையில் இருக்கும் எந்த கேமராவையும் மேனுவலில் வைத்து, 1/1000-ல் ஒரே சுவரைப் பார்த்துத் தொடர்ந்து தட்டுங்கள். எல்லா ஃப்ரேமும் ஒரே மாதிரி வந்தால் தப்பித்தீர்கள். நல்ல டிரைவர் போட்ட புது எல்ஈடி விளக்கில் துடிப்பு தெரியாது. மலிவான எல்ஈடியில் டியூப்லைட்டைவிட மோசமாக இருக்கும். கேமரா இல்லையென்றால் மொபைலில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வைத்து விளக்கைப் பார்த்தாலே கண் சிமிட்டுவது தெரிந்துவிடும்.

வேகக் கணக்கு

மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பந்து வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. 10 ஃப்ரேம் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 2.8 மீட்டர் போய்விடும். 14 ஃப்ரேமில் 2 மீட்டர். 20 ஃப்ரேமில் 1.4 மீட்டர். ஆக, பூட்ஸ் பந்தைத் தொடும் கணம் எந்த கேமராவிலும் உத்தரவாதமாக விழாது. ஆட்டத்தைப் படித்து, உதைக்கப் போகிறான் என்று முன்கூட்டியே அழுத்துகிறவருக்குத்தான் விழும். பேட்மின்டன் இன்னும் கொடூரம். 2023-ல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் 565 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்த வேகத்தில் 1/1000 வினாடிக்குள்ளேயே ஷட்டில் 15 சென்டிமீட்டருக்கு மேல் நகரும். அது சோதனைக்கென்று அடித்த அடி. உங்கள் பிள்ளை அடிப்பது அதில் பாதி என்று வைத்தாலும் இறகு கோடாகத்தான் தெரியும். முகத்தைப் பிடியுங்கள், ஷட்டிலை விட்டுவிடுங்கள்.

10 ஃப்ரேமுக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் நல்லதுதான். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு லென்ஸுக்குப் போனால் இன்னும் நல்லது. 10-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தை என்னால் ஆயிரம் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. எஃப்/4-க்கும் எஃப்/2.8-க்கும் (எண் குறைந்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சம் விடும்) உள்ளதை ஒரே படத்தில் சொல்லிவிடுவேன்.

ஃபுல் ஃப்ரேம் மோகம்

"ராத்திரி என்றால் ஃபுல் ஃப்ரேம்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே தலைமுறை சென்சாராக இருந்தால் சின்ன சென்சார் உள்ள கிராப் பாடியைவிட (7டி மார்க் 2, டி500) ஃபுல் ஃப்ரேமுக்கு நாய்ஸ், அதாவது இருட்டில் விழும் புள்ளிகள் விஷயத்தில் ஒன்றே கால் ஸ்டாப் சாதகம் உண்டு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. கையில் எஃப்/2.8 70-200 எம்எம் ஜூம் லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்மின்டன் கோர்ட்டில் நீங்கள் ஆட்டக்காரருக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள். 70-200 ஃபுல் ஃப்ரேமில் தாராளம். 85 எம்எம் எஃப்/1.8 ப்ரைம் போட்டால் இன்னும் நல்லது. அங்கே அந்த ஒன்றே கால் ஸ்டாப் முழுசாக உங்கள் பாக்கெட்டில்.

ஃபுட்பால் மைதானத்தில் கதை வேறு. டச் லைனில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்க கோல் போஸ்டில் நடப்பது 200 எம்எம்மில் எறும்பு மாதிரி இருக்கும். அதே லென்ஸை டி500-ல் போட்டால் 105-300 அளவுக்குப் பார்வை கிடைக்கும், எஃப்/2.8 குறையாமல். ஃபுல் ஃப்ரேமில் அந்தத் தூரம் வேண்டுமென்றால் லென்ஸின் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டர் மாட்ட வேண்டும். மாட்டினால் 98-280 ஆகும், ஆனால் வெளிச்சம் ஒரு ஸ்டாப் குறைந்து எஃப்/4. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றே கால் ஸ்டாப் சாதகத்தில் ஒரு ஸ்டாப் டெலிகன்வெர்ட்டருக்குப் போனது. மிச்சம் கால் ஸ்டாப். கால் ஸ்டாப்புக்காக டி500-ஐ விட்டு டி5-க்குப் போவது, 300 எம்எம் எஃப்/2.8 வாங்க வசதி இருப்பவருக்கு மட்டும் நியாயம். கன்வெர்ட்டர் போடாமல் அப்படியே எடுத்து கம்ப்யூட்டரில் வெட்டினாலும் கதை அதேதான். 20 மெகாபிக்சலை அந்த அளவுக்கு வெட்டினால் 9 மெகாபிக்சல் மிஞ்சும். சாதகமும் வெட்டியதோடு போய்விடும்.

அதனால்தான் ராத்திரி ஃபுட்பாலுக்கு என்று கேட்கும் தம்பிகளுக்கு டி500 என்று சொல்கிறேன். இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் திறன் டி5-வுடையதே. இரண்டிலும் அதே 153 ஃபோகஸ் புள்ளி அமைப்பு, நடுப்புள்ளி மைனஸ் 4 ஈவி என்ற கடும் இருட்டு வரைக்கும் வேலை செய்யும். கிராப் என்பதால் அந்தப் புள்ளிகள் ஃப்ரேமின் ஓரம் வரைக்கும் பரவிக் கிடக்கின்றன. ஓடுகிற பையன் படத்தின் விளிம்புக்குப் போனாலும் ஃபோகஸ் விடாது. டி5-ல் அவை நடுவில் குவிந்திருக்கும். சுருக்காத பெரிய ரா படமே தொடர்ந்து 200 வரைக்கும் விழுங்கும் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்). பேட்டரியோடு 860 கிராம். 2016-ல் வந்தபோது 2,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. நிகான் இதை நிறுத்திவிட்டு, கிராப் வரிசையில் இதற்கு நேர் வாரிசு என்று ஒன்றை இன்னும் விடவில்லை. வைத்திருப்பவர்கள் விற்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7டி மார்க் 2 இதே கணக்கில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். 10 ஃப்ரேம், 65 கிராஸ் டைப் ஃபோகஸ் புள்ளிகள், ஆன்டி-ஃப்ளிக்கர், சீல் செய்த பாடி, எல்லாம் சரி. சென்சார்தான் பழசு. அதன் ஐஎஸ்ஓவே (வெளிச்சத்தை உணரும் அளவு) 16000-ல் நிற்கிறது, டி500 அதே இடத்தில் 51200 வரை போகிறது. உச்சம் வரை யாரும் போகப்போவதில்லை என்றாலும் 6400-லேயே வித்தியாசம் தெரியும். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் மணல் கொட்டியது போல நாய்ஸ் வரும். ரா பஃபரும் 31 படம்தான். பகல் லீக் மேட்ச், ஹெசரகட்டா புல்வெளியில் பருந்து, மைதானத்தில் அத்லெடிக்ஸ் என்று வெயிலில் எடுப்பவருக்கு இதைவிட மலிவாக இவ்வளவு வேகம் கிடைக்காது. காலேஜ் பையன் கையில் கேனன் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

1டி எக்ஸ் மார்க் 2-வும் டி5-வும்

இந்த இரண்டில் எது என்று அடித்துக்கொள்வது வீண் வேலை. கையில் எந்த கம்பெனி லென்ஸ் இருக்கிறதோ அதற்கு ஏற்றதை எடுங்கள். இரண்டும் 20 மெகாபிக்சல் பக்கம். இரண்டுக்கும் 4 லட்சம் ஷட்டர். மார்க் 2 வினாடிக்கு 14, டி5 வினாடிக்கு 12. பிறகு எடையைச் சொல்ல வேண்டும். இரண்டும் பேட்டரியோடு ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். அதன் மேல் ஒன்றரைக் கிலோ லென்ஸ். தொண்ணூறு நிமிஷம் மோனோபாட் இல்லாமல் பிடித்துப் பார்த்தால் தோள்பட்டை பதில் சொல்லும்.

உபயோகத்தில் தெரியும் வேற்றுமை மெமரி கார்டில் இருக்கிறது. மார்க் 2-வில் ஒரு சிஎஃப் கார்டு ஸ்லாட், ஒரு சிஃபாஸ்ட் ஸ்லாட். சிஃபாஸ்ட் கார்டை உபயோகிக்கும் ஸ்டில் கேமராக்களை விரல் விட்டு எண்ணலாம், கடையில் தேடி அலைய வேண்டும். வெறும் சிஎஃப்பில் ரா எடுத்தால் பஃபர் 73, சிஃபாஸ்டில் 170. ஜேபெக்கில் எடுப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டி5 இரண்டு வகையாக வந்தது. ஒன்றில் இரண்டும் சிஎஃப், இன்னொன்றில் இரண்டும் எக்ஸ்க்யூடி. கடையில் 'டி5' என்று மட்டும் சொல்வார்கள், மூடியைத் திறந்து பாருங்கள். எக்ஸ்க்யூடி வகையை எடுங்கள். 2020 டிசம்பரில் வந்த ஃபர்ம்வேரை ஏற்றினால் அதே ஸ்லாட்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டும் ஓடும். டி500-க்கும் அப்படித்தான். இல்லையென்றால் எக்ஸ்க்யூடி கார்டைத் தேடியே காலம் போகும்.

பேட்மின்டன் அப்பா அம்மாவுக்கும் கல்யாண போட்டோகிராஃபருக்கும், ப்ரோ பாடிகளில் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் என் சிபாரிசு. காரணம் வேகம் அல்ல. உள்ளரங்கில் நான் எடுப்பது பெரும்பாலும் 1/1000, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 6400 என்ற கட்டத்தில்தான் போய் நிற்கும். அந்த 6400-ஐ இவை சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். முகூர்த்தத்துக்கு 24-70 போட்டால் ஹாலின் அகலம் முழுக்க உள்ளே வரும். வாரம் முழுக்கக் கல்யாணத்தில் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு ஞாயிறன்று கோர்ட்டுக்கு வரும். டி500-ல் அதே 24-70 போட்டால் மணமேடை அருகே நின்று குடும்பப் படம் எடுக்கப் பின்னால் நகர இடம் தேட வேண்டும்.

முதல் 1டி எக்ஸைக் குறைத்துப் பேசிவிட்டதாக நினைக்க வேண்டாம். 18 மெகாபிக்சல் சென்சார் இன்றைக்கும் கௌரவமான படம் தரும். உங்கள் கோர்ட்டில் விளக்கு துடிக்கவில்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டால் மார்க் 2-வை விட்டுவிட்டு இதை எடுத்து, மிச்சப் பணத்தில் லென்ஸ் வாங்கலாம். இரண்டு ஸ்லாட்டும் சிஎஃப், அதனால் கார்டுக்கும் அலைச்சல் இல்லை.

ஏ9 எங்கே பொருந்தும்

2017-ல் ஏ9 வந்தபோது பத்திரிகை போட்டோகிராஃபர்கள் வாயைப் பிளந்ததற்குக் காரணம் உண்டு. வினாடிக்கு 20 ஃப்ரேம், சத்தமே இல்லை, வ்யூஃபைண்டரில் ஒரு கணமும் கருப்பு விழாது. 693 ஃபோகஸ் புள்ளி. 2019 ஃபர்ம்வேருக்குப் பிறகு முகத்தைப் பிடித்தால் விடாத டிராக்கிங். எடை 673 கிராம். பகலில் எடுப்பவருக்கு இந்தப் பட்டியலில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

ஆனால் அந்த 20 ஃப்ரேம் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான். சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்க ஏறத்தாழ 1/160 வினாடி, அதாவது 6 மில்லி வினாடி ஆகிறது. விளக்கின் ஒரு துடிப்பு 10 மில்லி வினாடி என்று முன்னால் பார்த்தோம். ஒரே படத்தின் மேல் பாதி வெளிச்சமாகவும் கீழ் பாதி இருட்டாகவும் வரும், இல்லையென்றால் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் வேகம் 5 ஃப்ரேமுக்கு இறங்கிவிடுகிறது. அங்கேயும் ஆன்டி-ஃப்ளிக்கர் கிடையாது. வேகத்துக்காக வாங்கிய பாடியை விளக்கு போட்டதும் ஆட்டோ வேகத்துக்கு ஓட்டுவதில் என்ன பிரயோஜனம்? பெரிய ஸ்டேடியங்களில் துடிப்பில்லாத நல்ல விளக்கு இருக்கும், அங்கே பாஸ் கிடைத்துப் போகிறவருக்கு ஏ9 சரி. உள்ளூர் கோர்ட்டுக்கு, சோதித்துப் பார்க்காமல் வேண்டாம்.

இன்னொன்று, அடாப்டர் போட்டு கேனன் லென்ஸை ஏ9-ல் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். லென்ஸ் மாட்டும், படமும் வரும். 20 ஃப்ரேமும் முழு டிராக்கிங்கும் வராது. சோனி அல்லாத லென்ஸ் என்றால், சோனியின் ஈ மவுன்டுக்கென்றே செய்ததானாலும், வேகம் 15-ல் கட்டுப்படும். ஏ9 வாங்குவது என்றால் சோனி 70-200 ஜி மாஸ்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ப்ரோ அல்லாத ஒன்று

ஆர்6-ஐ ஏன் சேர்த்தேன்? மெக்கானிக்கல் ஷட்டரிலேயே 12 ஃப்ரேம், ஆன்டி-ஃப்ளிக்கர், 20 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். கம்பெனி அடாப்டரில் கேனனின் பழைய ஈஎஃப் லென்ஸ் எல்லாம் தாய்வீட்டுக்கு வந்தது போல வேலை செய்யும். இரண்டு எஸ்டி ஸ்லாட், கார்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். எடை 1டி எக்ஸ் மார்க் 2-வில் பாதிகூட இல்லை. கேனன் லென்ஸ் வைத்திருக்கும் பேட்மின்டன் அப்பாவுக்கு, மார்க் 2-வா ஆர்6-ஆ என்றால் நான் ஆர்6 பக்கம் சாய்வேன். கல்யாணக்காரருக்கும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் முரட்டுக் கையாளுகைக்கும், திடீரென்று கொட்டும் நம்ம ஊர் சாயங்கால மழைக்கும், ஒரு பேட்டரியில் நாள் முழுக்க ஓடுவதற்கும் மார்க் 2-வை அடித்துக்கொள்ள முடியாது. ஆர்6-க்கு இரண்டு மூன்று பேட்டரி வேண்டும். அதிலும் புது எல்பி-ஈ6என்ஹெச் பேட்டரி இருந்தால்தான் 12 ஃப்ரேம் முழுசாக வரும். பழைய எல்பி-ஈ6 போட்டால் வேகம் இறங்கும். 20 ஃப்ரேம் என்று விளம்பரத்தில் பார்ப்பது எலக்ட்ரானிக் ஷட்டர். ஏ9-ஐவிட மெதுவாகப் படிக்கும் சென்சார் அது, வீசிய பேட்மின்டன் மட்டை வளைந்து தெரியும். அதைத் தொடாதீர்கள்.

பாடியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

ஷட்டர் கவுண்ட்டை எல்லோரும் கேட்பார்கள், அதனால் எல்லோரும் சொல்வதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள். நிகானில் ஒரு ஜேபெக் எடுத்து அதன் எக்ஸிஃப்பைப் (படத்தோடு பதிவாகும் விவரம்) பார்த்தால் எண் தெரியும். 1டி எக்ஸ் வரிசையில் மெனுவுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் காட்டும். 7டி மார்க் 2-வில் படத்தில் இருக்காது, கம்ப்யூட்டரில் யூஎஸ்பி போட்டுப் பார்க்க வேண்டும். ஏ9-ல் மெக்கானிக்கல் ஷட்டர் எண்ணிக்கை குறைவாக இருப்பதை வைத்து எதுவும் முடிவு பண்ண முடியாது, அவர் முழுக்க எலக்ட்ரானிக்கில் அடித்திருக்கலாம். 4 லட்சம் தாங்கும் ஷட்டரில் ஒன்றரை லட்சம் என்பது பயப்பட வேண்டிய எண்ணே அல்ல. 2 லட்சம் தாங்கும் டி500-ல் அதே எண் இருந்தால் விலையில் பேசுங்கள்.

நான் முதலில் பார்ப்பது ஹாட் ஷூ, ஃப்ளாஷ் மாட்டும் இடம். ஒரு கடையில் டி500 ஒன்றைக் காட்டி, "டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்ததுண்ணா, பர்டிங் மட்டும்தான், வாரத்துக்கு ஒருக்கா" என்றான் பையன். ஹாட் ஷூ தண்டவாளத்தில் கருப்புப் பெயின்ட் முழுக்க உரிந்து உலோகம் பளபளத்தது. "ஏன் தம்பி, டாக்டர் கொக்குக்கு ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுத்தாரா?" என்றேன். சிரித்துவிட்டு வேறு பாடியை எடுத்தான். ஃப்ளாஷ் ஏற்றி இறக்கித் தேய்ந்த ஹாட் ஷூ என்றால் கல்யாண பாடி. அடியில் ட்ரைபாட் துளையைச் சுற்றிக் கீறல் நிறைய இருந்தால் மோனோபாடில் நின்ற விளையாட்டு பாடி. இரண்டுமே குற்றமில்லை, சொன்ன கதையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

பிடியின் ரப்பரைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். நிகானில் வியர்வைக்கு ரப்பர் உப்பிக் கழன்று வருவது சகஜம். அதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தால் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரியும். சிஎஃப் ஸ்லாட்டுக்குள் மொபைல் டார்ச் அடித்து, 50 ஊசியும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் ஒருநாள் கார்டு படிக்காமல் போகும். எக்ஸ்க்யூடியில் இந்தத் தொல்லை கிடையாது.

சென்சாரை எஃப்/16-ல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்ப்பார்கள், தூசி தெரியும். தூசி போய்விடும். லேசர் காயம் போகாது. ரிசப்ஷனில் டிஜே லேசர் நேராக லென்ஸுக்குள் அடித்தால் சென்சாரில் கோடோ, நிறப் புள்ளியோ நிரந்தரமாக விழும். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் சென்சார் எந்நேரமும் திறந்தே இருப்பதால் ஏ9, ஆர்6 வாங்கும்போது கட்டாயம் பாருங்கள். வெள்ளைச் சுவரில் ஒன்று, லென்ஸ் மூடி போட்டு ஐஎஸ்ஓ 6400-ல் ஒன்று எடுத்து, 100 சதவீதம் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். கேமரா ஸ்கிரீனில் பார்த்தால் போதாது, லேப்டாப் கொண்டு போங்கள்.

பேட்டரி நிலையை 1டி எக்ஸ் வரிசை மெனுவில் மூன்று பச்சைக் கட்டமாகக் காட்டும். நிகான் 0 முதல் 4 வரை வயது சொல்லும், 0 என்றால் புதுசு. டி500-க்கு ஒரு தனி எச்சரிக்கை. பேட்டரி அடியில் 'லி-அயான்01' என்று இருந்தால் அது பழைய ஈஎன்-ஈஎல்15, சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது போலக் காட்டும். அதைப் பார்த்து பாடியில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. '20' என்று எழுதியதோ, பின்னால் வந்த 15ஏ, 15பி, 15சி வகையோ போட்டால் சரியாகிவிடும்.

முடிந்தால் பாடியை ஒரு வார இறுதி வாடகைக்கு எடுத்து உங்கள் கோர்ட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். பெங்களூரில் டி500-வும் 1டி எக்ஸ் மார்க் 2-வும் ஆர்6-ம் வாடகைக்குக் கிடைப்பது சிரமமே இல்லை. கடை டியூப்லைட்டில் பத்து ஃப்ரேம் தட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை. பாடி அடியில் இருக்கும் சீரியல் நம்பரும், அதில் எடுத்த படத்தின் எக்ஸிஃப்பில் வரும் நம்பரும், பெட்டி மேல் உள்ளதும், பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாத வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரும், திருட்டுச் சரக்கும் அப்படியே வரும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் அந்த நம்பரோடு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, இந்த மாடலுக்கு ஷட்டர் யூனிட் இன்னும் கிடைக்கிறதா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். 2012 மாடலுக்கும் 2016 மாடலுக்கும் அங்கே வரும் பதில் வேறாக இருக்கலாம். உதிரி பாகம் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த பாடிக்கு நீங்கள் கேட்க வேண்டிய விலையும் வேறு.